டிம்மர் எதைக் குறைக்கிறது?

எல்இடி ஸ்ட்ரிப்பின் வெளிச்சத்தைக் குறைக்க என்ன வழி என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பி.டபிள்யூ.எம் (கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கும் முறை) டிம்மர் போடுங்க, ரெசிஸ்டர் பக்கமே போகாதீங்க, அது கரண்டைச் சூடாக்கி வீணடிச்சிடும். ரிச்சி தெருக் கடையில் கேட்டாலும் இதுதான், யூடியூபில் தேடினாலும் இதுதான். பதிலின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. என் வீட்டு ஹாலிலும் பி.டபிள்யூ.எம்-தான் ஓடுகிறது. ஆனால் பி.டபிள்யூ.எம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், ரெசிஸ்டர் வீணடிக்கும் என்கிற அந்த இரண்டாம் பாதி, பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டால் நிற்பதில்லை.

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒளித்து வைக்கிறார்களே, அந்த 12 வோல்ட் ஸ்ட்ரிப்பையே எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 60 எல்இடி, 4.8 வாட். ஐந்து மீட்டர் சுருளுக்கு 24 வாட், அதாவது 2 ஆம்பியர். கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில் வெட்டினால் ஒரு துண்டில் மூன்று எல்இடி, கூடவே பொடி எழுத்தில் 151 என்று அச்சிட்ட ஒரு ரெசிஸ்டர். 151 என்றால் 150 ஓம். மூன்று எல்இடியும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. வெள்ளை எல்இடி ஒன்று ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், ஆக மூன்றுக்கும் 9. மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில் விழுகிறது. 3-ஐ 150-ஆல் வகுத்தால் 20 மில்லிஆம்பியர். இப்படி 100 துண்டுகள் சேர்ந்து 2 ஆம்பியர்.

இதில் கவனிக்க வேண்டியது, நாம் டிம்மர் எதையும் மாட்டுவதற்கு முன்பே கால் பங்கு சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. 12-ல் 3 வோல்ட். ரெசிஸ்டரை வில்லன் என்று திட்டுகிறவர்களின் ஸ்ட்ரிப்புக்குள்ளேயே நூறு ரெசிஸ்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, இப்போது வெளிச்சத்தைக் கால்வாசியாக்குவோம். பி.டபிள்யூ.எம் என்ன செய்கிறது? ஸ்ட்ரிப்பை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து ஏற்றுகிறது. நாலில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிய விடுகிறது. எரியும்போது முழு 2 ஆம்பியர், மற்ற நேரம் பூஜ்யம். சராசரி அரை ஆம்பியர். அடாப்டரிலிருந்து எடுப்பது 12 பெருக்கல் 0.5, ஆக 6 வாட்.

அதே வெளிச்சத்தை ஸ்ட்ரிப்புக்கு வெளியே ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுக் கொண்டுவருவோம். எல்இடியின் வெளிச்சம் ஏறக்குறைய அதன் வழியே போகும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். ஆகவே கால் வெளிச்சத்துக்கு அதே அரை ஆம்பியர்தான் வேண்டும். தொடர் இணைப்பு என்பதால் அடாப்டரிலிருந்து வருவதும் அந்த அரை ஆம்பியர்தான். 12 பெருக்கல் 0.5. அதே 6 வாட்!

இரண்டு முறையிலும் மீட்டரில் ஓடுவது ஒன்றுதான். எங்கே சூடாகிறது என்பதில்தான் வித்தியாசம். பி.டபிள்யூ.எம்மில் சூடு ஸ்ட்ரிப்பிலுள்ள நூறு குட்டி ரெசிஸ்டர்களுக்கும் பிரிந்து போகிறது. இன்னொன்றில் அதன் பெரும்பகுதி, ஒன்றரை வாட் போல, நாம் வெளியே மாட்டிய ஒற்றை ரெசிஸ்டரில் குவிகிறது. தொட்டால் கை சுடும். கை சுட்டதும் "பார், வீணாகிறது" என்று தோன்றிவிடுகிறது. ஸ்ட்ரிப்பில் பரவியிருக்கும் ஒன்றரை வாட் யாருடைய கையையும் சுடுவதில்லை, அதனால் கணக்கிலும் வருவதில்லை.

இதனால் எல்லோரும் ரெசிஸ்டருக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. ரேடியோ வால்யூமுக்குப் போடுகிற சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் இந்தச் சூட்டில் கருகிவிடும். கம்பி சுற்றிய பெரிய ரியோஸ்டாட் வாங்க வேண்டும். அதையும் திருப்பும்போது வெளிச்சம் ஒழுங்காக இறங்காது. கால் வெளிச்சத்துக்கு 6 ஓம் போதும், நைட் லாம்ப் அளவுக்கு 100 ஓம் வேண்டும். ஆகவே குமிழின் ஒரு ஓரத்திலேயே எல்லா மாற்றமும் நடந்து முடிந்துவிடும். இவையெல்லாம் பி.டபிள்யூ.எம் பக்கம் போக நல்ல காரணங்கள். மின்சார மிச்சம் அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் எங்கே பிடிப்பது? ஸ்ட்ரிப்புக்குப் போகும் வோல்ட்டேஜையே இறக்கினால் பிடிக்கலாம். ஒரு துண்டுக்கு 5 மில்லிஆம்பியர் போதும் என்னும்போது 150 ஓம் ரெசிஸ்டரில் விழுவது 0.75 வோல்ட் மட்டுமே. எல்இடியும் குறைந்த மின்னோட்டத்தில் கொஞ்சம் இறங்கி 2.8 வோல்ட்டில் நிற்கும். மொத்தம் சுமார் 9.15 வோல்ட். கால் பங்காக இருந்த ரெசிஸ்டர் இழப்பு இப்போது நூற்றுக்கு எட்டுதான். இந்த 9.15 வோல்ட்டை 12-லிருந்து ஒரு பக் கன்வெர்ட்டர் செய்து கொடுத்தால், அதன் சொந்த இழப்பையும் சேர்த்தே 6 வாட்டுக்குப் பதில் ஐந்தேகால் வாட்டில் வேலை முடியும்.

பக் என்பது மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பினாலும், வெட்டிய துண்டுகளை ஒரு காயிலில் சேர்த்து வைத்து ஒரே சீராக வெளியே விடுகிற சுற்று. பி.டபிள்யூ.எம் டிம்மருக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு அந்தக் காயில்தான். டிம்மர் வெட்டியதை அப்படியே எல்இடியின் தலையில் கொட்டுகிறது. வெட்டி முடித்த பிறகும் எரியும் ஒவ்வொரு கணமும் முழு 12 வோல்ட், முழு 20 மில்லிஆம்பியர், முழு கால்பங்கு இழப்பு.

எல்எம்2596 என்ற ஐசி போட்ட ரெடிமேட் பக் போர்டு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். நீல நிறத்தில் திருகு வைத்த ட்ரிம் பாட் இருக்கும், அதைத் திருப்பினால் வோல்ட்டேஜ் மாறும். ஒரு குறை: உள்ளே 12 கொடுத்தால் வெளியே 12 வராது. அதன் சுவிட்சே ஒரு வோல்ட்டுக்கு மேல் சாப்பிட்டுவிடும். 10.7 போல வந்தால் அதிகம். அந்த வோல்ட்டேஜில் ஸ்ட்ரிப் முழு மின்னோட்டத்தில் அறுபது சொச்சம் சதவீதம்தான் எடுக்கும். ஹாலுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஏன் என்பதற்குக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பார்ப்பதில்லை. இருட்டுப் பக்கம் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும், வெளிச்சப் பக்கம் பெரிய மாற்றமும் சின்னதாகத் தெரியும். சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் 1976-ல் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தது. கிட்டத்தட்ட கனமூலக் கணக்கு. அதன்படி கண்ணுக்குப் பாதியாகத் தெரியும் வெளிச்சம் உண்மையில் 18.4 சதவீதம்தான். கால் வெளிச்சம் பாதிக்கும் மேலாகவே தெரியும். 63 சதவீதம் என்றால் கண்ணுக்கு 83 போல. பக் போர்டு 10.7 வோல்ட்டோடு நின்றுபோனால் அறையில் இருப்பவர் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

எந்த முறையில் குறைக்கிறோம் என்ற வாதத்தைவிடப் பெரிய சேமிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குப் பாதி என்று தோன்றும் அளவுக்குக் குறைத்தாலே மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. ரெசிஸ்டரோ, பி.டபிள்யூ.எம்மோ, பக்கோ, மூன்றில் எதுவானாலும் சரி.

பழைய குண்டு பல்பு இதற்கு நேர் எதிர். அதை மங்கலாக்கினால் இழை சூடு தணிந்து சிவந்துவிடும், கொடுத்த மின்சாரத்தில் இன்னும் பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடும். மின்சாரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் கால் பங்குகூட மிஞ்சாது. அந்தக் காலத்து டிம்மர் என்பது காசு கொடுத்து இருட்டு வாங்குவது. எல்இடியில் தலைகீழ். மின்னோட்டத்தைக் குறைக்கக் குறைக்க ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் வெளிச்சம் கூடுகிறது.

காரணம் எல்இடி சில்லுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீலத்தை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இந்த நீலச் சில்லில் மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற, உள்ளே போகும் எலெக்ட்ரான்களில் ஒளியாக மாறாமல் வீணாகும் பங்கு அதிகரிக்கிறது. கூடவே சூடும் ஏறுகிறது, சூடு ஏறினால் வெளிச்சம் மேலும் குறையும். ஆகவே 20 மில்லிஆம்பியரைக் கால்வாசி நேரம் விட்டுவிட்டுக் கொடுப்பதைவிட 5 மில்லிஆம்பியரை விடாமல் கொடுத்தால் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். மேலே நான் போட்ட 6 வாட் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லோரும் திட்டுகிற ரெசிஸ்டர் முறை, பி.டபிள்யூ.எம்மைவிட ஒரு முடி அளவு முன்னால்கூட நிற்கும். கடைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், பரவாயில்லை.

இந்தத் தத்துவத்தையே பொருளாக்கி விற்றவர்கள் உண்டு. 2016-ல் பிலிப்ஸ் நிறுவனம் துபாய் மாநகராட்சியோடு சேர்ந்து "துபாய் லாம்ப்" என்று ஒரு பல்பு கொண்டுவந்தது. வாட்டுக்கு 200 லுமன் (லுமன் என்பது வெளிச்சத்தின் அளவு). கடையில் கிடைக்கும் சாதாரண பல்பு 100 லுமனைச் சுற்றித்தான் நிற்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. வழக்கத்தைவிட நிறைய எல்இடி வைத்து, ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டினார்கள், அவ்வளவுதான். மலிவு பல்பு இதற்கு நேர்மாறு. சில்லுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பதை விரட்டி விரட்டி ஓட்டுகிறது. வாங்கிய ஒரு வருடத்தில் அந்த பல்பில் கறுப்புப் புள்ளி விழுந்து அணைவதற்கு இந்த விரட்டல்தான் முக்கியக் காரணம்.

அந்த மலிவு பல்பைக் கழற்றிப் பார்த்தால் எல்இடி தட்டிலேயே ஒரு சின்ன ஐசி இருக்கும். பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சின்ன ரெசிஸ்டர்கள். மின்னோட்டம் எவ்வளவு என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. இரண்டு இணையாக இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டால் மின்னோட்டம் இறங்கி, பல்பு மங்கி, ஆயுள் கூடும். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் எந்த மறைப்பும் இல்லை. உள்ளே கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பத்தியைப் படித்ததோடு விட்டுவிடுங்கள். குறைந்த வெளிச்சம் வேண்டும் என்றால் குறைந்த வாட் பல்பு வாங்குவது எளிது.

ஃபேன் ரெகுலேட்டர் சமாசாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "சார், பழைய ரெகுலேட்டர் சும்மாதானே கிடக்கு, அதுலயே லைட்டைக் குடுத்துடலாம் சார்" என்று எங்கள் எலெக்ட்ரீஷியன் ஒருமுறை சொன்னார். தம்பி நல்ல வேலைக்காரர், ஆனால் இது நடக்காது. சாதாரண எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர், வெளியே வோல்ட்டேஜ் எப்படி ஆடினாலும் வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்திருக்கவே உண்டாக்கப்பட்டது. லோ வோல்ட்டேஜிலும் எரியும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்களே, அதுதான். நாம் ரெகுலேட்டரைக் குறைக்கக் குறைக்க அது சமாளித்துக்கொண்டே வரும், வெளிச்சம் மாறாது. ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் மினுக்க ஆரம்பிக்கும். ரெகுலேட்டரில் இருக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச் தொடர்ந்து கடத்த ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓட வேண்டும், 9 வாட் பல்பு இழுக்கும் சொற்ப மின்னோட்டம் பல சமயம் அதற்கு எட்டாது. டிம்மபிள் என்று போட்டு விற்கும் பல்புகள் வேறு ரகம். அவற்றின் டிரைவர் ட்ரையாக் வெட்டுவதைப் புரிந்துகொண்டு மின்னோட்டத்தைக் குறைக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் ஹாலில் ஏன் பி.டபிள்யூ.எம் வைத்திருக்கிறேன்? மிகக் குறைந்த வெளிச்சத்துக்காக. வோல்ட்டேஜை இறக்கும் முறை கடைசிப் படிகளில் காலை வாரும். நூறு துண்டுகளிலும் உள்ள எல்இடிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று 2.6 வோல்ட்டில் எரியத் தொடங்கும், இன்னொன்றுக்கு 2.65 வேண்டும். முழு வெளிச்சத்தில் ரெசிஸ்டர் இந்த வேறுபாட்டை மூடி மறைத்துவிடும். 8 வோல்ட்டுக்குக் கீழே ரெசிஸ்டரில் விழுவதற்கு எதுவும் மிஞ்சாது, ஆகவே ஸ்ட்ரிப் அங்கங்கே பளிச், அங்கங்கே மங்கல் என்று திட்டுத்திட்டாகத் தெரியும். சுவரில் படும் வெளிச்சத்தில் அது அசிங்கமாக இருக்கும். பி.டபிள்யூ.எம்மில் இந்தத் தொல்லை இல்லை. எரியும் நேரத்தில் எல்லாத் துண்டுகளும் முழு மின்னோட்டத்தில் சமமாக எரிகின்றன. நிறமும் மாறாது. மின்னோட்டம் மாறினால் நீலச் சில்லின் நிறம் நூலளவு நகரும், அதனால் வெள்ளையின் சாயலும் மாறும். வீட்டில் யாரும் கவனிப்பதில்லை என்றாலும், வீடியோ எடுக்கிறவர்களுக்கும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல) ஸ்ட்ரிப் வைத்து நிறம் கலக்கிறவர்களுக்கும் இது முக்கியம்.

பி.டபிள்யூ.எம் போடுவதென்றால் அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை வெட்டுகிறோம் என்பதைப் பற்றி யோசித்துப் போட வேண்டும். நிரல் எழுதி ஓட்டுகிற குட்டிப் போர்டான ஆர்டுவினோ ஊனோவில் அனலாக்ரைட் என்ற கட்டளை கொடுத்தால் பெரும்பாலான பின்களில் 490 ஹெர்ட்ஸ், 5, 6-ஆம் பின்களில் 980. கண் நேராகப் பார்த்தால் மினுக்கல் தெரியாது. ஆனால் கையை வேகமாக ஆட்டினால் விரல்கள் துண்டுதுண்டாகத் தெரியும், மொபைல் கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். சிலருக்குத் தலைவலி வரும். 2015-ல் வந்த ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1789 என்ற பரிந்துரை இதற்கு ஓர் எளிய கணக்கு சொல்கிறது. முழுக்க அணைத்து ஏற்றும் முறைக்கு, ஆபத்து குறைவு என்று சொல்ல 1250 ஹெர்ட்ஸுக்கு மேல் போக வேண்டும். எந்தப் பாதிப்பும் தெரியாத நிலைக்கு 3000. அதே பரிந்துரைப்படி நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் பல்பில் வரும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மலிவு பல்புகளில் பல இதைக் கண்டுகொள்வதில்லை. மொபைல் கேமராவை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஊனோவின் 9, 10-ஆம் பின்களை ஆளும் டைமரில் ஒரு வரி மாற்றினால் 3.9 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. 31 கிலோஹெர்ட்ஸுக்கும் ஏற்றலாம், ஆனால் அங்கே ஸ்ட்ரிப்பை அணைத்து ஏற்றும் சுவிட்சான மாஸ்ஃபெட் அழும். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் முனையான கேட் ஒரு குட்டிக் கப்பாசிட்டர் மாதிரி. ஆர்டுவினோ பின்னிலிருந்து வரும் 20 மில்லிஆம்பியரில் அது நிரம்ப ஓரிரு மைக்ரோ வினாடி ஆகும். அந்த நேரத்தில் மாஸ்ஃபெட் பாதி திறந்து பாதி மூடிய நிலையில் சூடாகும். 3.9 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 255 மைக்ரோ வினாடி, ஆகவே இது பொருட்டில்லை. 31-ல் சுற்றே 32 மைக்ரோ வினாடிதான். தனி கேட் டிரைவர் வைக்காமல் அங்கே போவதில் பயனில்லை.

மாஸ்ஃபெட் வாங்கும்போது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஐஆர்எஃப்இசட்44என் என்பது எங்கும் கிடைக்கிறது, ஆனால் அது முழுக்கத் திறக்க கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும். ஆர்டுவினோவின் 5 வோல்ட்டுக்கு ஐஆர்எல்இசட்44என் தான் சரி, நடுவில் எஃப் இல்லாமல் எல். 5 வோல்ட்டிலேயே அதன் தடை 25 மில்லிஓம்தான். நம் 2 ஆம்பியருக்குப் பத்தில் ஒரு வாட் இழப்பு, ஹீட் சிங்க்கூட வேண்டாம். பழைய பழக்கத்தில் டிஐபி122 டார்லிங்டன் டிரான்சிஸ்டர் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தன் பங்குக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், 2 ஆம்பியரில் அதுவே இரண்டு வாட் சூடு.

இன்னொரு விஷயம், படிகள். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரை. மேலே 200-க்கும் 201-க்கும் வித்தியாசமே தெரியாது. கீழே 1-லிருந்து 2-க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு! மெதுவாக மங்க விட்டால் கடைசியில் தடக் தடக் என்று இறங்குவது இதனால்தான். ஆர்டுவினோ மாதிரியே இன்னொரு போர்டான இஎஸ்பி32-ல் 5 கிலோஹெர்ட்ஸில் 13 பிட் வரை கிடைக்கும், 8192 படிகள். அதோடு கண்ணின் கனமூலக் கணக்கை ஓர் அட்டவணையாகப் போட்டுவிட்டால், குமிழைத் திருப்புகிற அளவுக்கு வெளிச்சமும் சீராக மாறும். பெரிய கட்டடங்களில் போடும் டாலி என்ற விளக்குக் கட்டுப்பாட்டு முறையில் 254 படிகள்தான், ஆனால் அவை மடக்கை வளைவில் அமைந்தவை. 0.1 சதவீதத்திலிருந்து 100 வரை ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும்படி ஆரம்பத்திலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு ஒரு வாட், மூன்று வாட் பவர் எல்இடிகளுக்கு வந்தால் விஷயம் சுலபமாகிறது. அவற்றில் உள்ளே ரெசிஸ்டர் கிடையாது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் தனியாக வேண்டும். டிரைவர் போடுவதே பக் வகையாகப் போட்டுவிட்டால் டிம்மரும் அதிலேயே அடக்கம். என் படிக்கும் விளக்கில் மூன்று ஒரு வாட் எல்இடி தொடரில், பிடி4115 ஐசி, 0.33 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர், ஒரு காயில், ஒரு ஷாட்கி டயோடு. அந்த ஐசி சென்ஸ் ரெசிஸ்டரில் 0.1 வோல்ட் விழுமாறு மின்னோட்டத்தை வைத்துக்கொள்ளும். 0.1-ஐ 0.33-ஆல் வகுத்தால் 300 மில்லிஆம்பியர். டிம் என்று ஒரு பின் இருக்கிறது. அதற்கு 0.5-லிருந்து 2.5 வோல்ட் வரை கொடுத்தால் எல்இடியின் மின்னோட்டம் அதற்கேற்ப மாறும். வெட்டு இல்லை, மினுக்கல் இல்லை, சில்லுக்கும் சுகம். அதே பின்னில் பி.டபிள்யூ.எம்மும் கொடுக்கலாம். நல்ல தொழிற்சாலை டிரைவர்கள் பல இரண்டையும் கலக்கின்றன: மேலே மின்னோட்டத்தைக் குறைப்பது, பத்து இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் வெட்டத் தொடங்குவது. இருப்பதிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு இதுதான் என்பேன்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க நம் ஊர் ஆட்டோக்களைப் பார்த்தால் போதும். கூரை ஓரமாக ஸ்ட்ரிப் ஒட்டியிருப்பார்கள், மூன்று மூன்றாகப் பல இடத்தில் செத்துக் கிடக்கும். ஸ்ட்ரிப்பில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறது, பேட்டரியிலும் 12 என்று போட்டிருக்கிறது, ஆனால் இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14-க்கு மேல் இருக்கும். இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். எல்இடி தன் 9 வோல்ட்டுக்கு மேல் அதிகம் வாங்காது, அதிகப்படி முழுவதும் ரெசிஸ்டர் மேல்தான் விழும். 3 வோல்ட் இருந்த இடத்தில் 5. மின்னோட்டம் 20-லிருந்து 33 மில்லிஆம்பியராகும், ரெசிஸ்டரின் சூடு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும். 0805 அளவு சின்ன ரெசிஸ்டரின் வரம்பு எட்டில் ஒரு வாட். அது தாண்டிவிட்டது. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தோ சோலார் பேட்டரியிலிருந்தோ நேராக ஸ்ட்ரிப் இழுக்கிறவர்களுக்கும் இதே கதைதான். நடுவில் ஒரு பக் போர்டை வைத்து 10 வோல்ட்டில் நிறுத்திவிட்டால் பேட்டரி 12-ல் இருந்தாலும் 14-ல் இருந்தாலும் வெளிச்சம் அசையாது. பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்குங்கள். ஒரு துண்டில் ஆறு அல்லது ஏழு எல்இடி இருக்கும். ஏழு இருந்தால் 21 வோல்ட் எல்இடிக்கு, 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. இழப்பு 25 சதவீதத்திலிருந்து 12.5 ஆகிவிட்டது, டிம்மரே இல்லாமல். அதே வாட்டுக்குப் பாதி மின்னோட்டம் என்பதால் ஒயரில் போகும் இழப்பும் நாலில் ஒன்றாகிவிடும். ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்பின் கடைசி முனை மங்கலாகத் தெரிகிற தொல்லையும் குறையும்.

காசு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். 24 வாட் ஸ்ட்ரிப்பைத் தினம் 5 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு மூன்றரை யூனிட் சொச்சம். கண்ணுக்குப் பாதியாகக் குறைத்தால் முக்கால் யூனிட்டுக்கும் கீழே. ஈபி பில்லில் இது தெரியவே தெரியாது. எல்இடி சூடாகாமல் பல வருடம் உழைப்பதும், சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரத்தில் ஹால் கண்ணைக் கூசாமல் இருப்பதும்தான் எனக்கு இதில் கிடைத்த லாபம்.

ராத்திரி நேரத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு சரிப்படவில்லை. ஸ்ட்ரிப்பை 2 சதவீதத்துக்கு இறக்கினால் தண்ணீர் குடிக்க எழுந்து போகப் போதுமான வெளிச்சம் இருக்கிறது, ஸ்ட்ரிப் எடுப்பதும் அரை வாட்தான். ஆனால் அதை ஓட்டும் அடாப்டர், சும்மா உயிரோடு இருப்பதற்கே அதற்குச் சமமாகவோ மேலாகவோ சாப்பிடுகிறது. அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்பு பேரளவில்தான் ஜீரோ, தின்றது 15 வாட் அளவுக்கு. இப்போது அதே ஹோல்டருக்கு அரை வாட் எல்இடி நைட் லாம்ப் கிடைக்கிறது. படுக்கப் போகும்போது ஸ்ட்ரிப்பின் அடாப்டரைச் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டு அதைப் போட்டுவிடுகிறேன்.